ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் ஒரே இடம்

ஐந்து வயதுப் பையனும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க ஒரு இடம், திருச்சி, என்று போனில் எழுதிவிட்டு எழுதியதைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏதோ வரன் தேடுகிற மாதிரி. சந்தோஷமாக என்பதை அழித்தேன். சேர்ந்து என்பதை அழிக்கலாமா என்று பார்த்தேன், அதுவும் போனால் தேடுவதற்கு என்ன இருக்கிறது, விட்டுவிட்டேன். முதல் பூசை பார்த்துவிட்டு வந்து இட்லியும் ஆயிற்று, மணி எட்டே முக்கால், நாள் முழுக்க அப்படியே கிடக்கிறது. ஆரோன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு எங்கம்மா போறோம் எங்கம்மா போறோம் என்கிறான். ஷெரின் அவள் அறைக்குள் போய்க் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருக்கிறாள், முழுக்கச் சாத்தினால் நான் ஏதாவது நினைத்துக்கொள்வேன், முழுக்கத் திறந்தால் நான் உள்ளே வந்துவிடுவேன், அதற்காக அந்த ஒரு விரற்கடை. ஆரோன் நான் பெற்றவன். ஷெரின் இவருடைய மூத்த தாரத்து மகள். அந்த மூத்த தாரம் ஸ்டெல்லா காய்ச்சலில் போய் மூன்று வருஷம், என் முதல் வீட்டுக்காரர் பைக்கில் போனவர் திரும்பாமல் போயும் மூன்று வருஷம், இரண்டு வீட்டிலும் ஒரே வயசுத் துக்கம் என்று சொல்லித்தான் பங்குச் சாமியார் எங்களைச் சேர்த்துவைத்தார். நவம்பரில் கல்யாணம், இது பிப்ரவரி. புதுக்கோட்டையிலிருந்து பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து நாலு மாசத்தில் எனக்குத் தெரிந்த இடமெல்லாம் கோயில், காய்க்கடை, நான் ரத்தம் எடுக்கப் போகும் லேப். போன் அடுக்கிக்கொண்டே போகிறது. ரயில் மியூசியம். போன வாரம் சொல்லிப் பார்த்தேன், அப்பா வேலை செய்யறதை டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா என்றாள் ஷெரின், சரிதானே, கூட்ஸ் ஓட்டுகிறவர் மகளுக்கு எஞ்சின் என்ன அதிசயம். கோளரங்கம். விளக்கை அணைத்தால் ஆரோன் அலறிவிடுவான். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளை இரண்டு தடவை கூட்டிப் போய்விட்டார்கள். முக்கொம்பு. முக்கொம்பு என்று நான் சொன்னபோது மட்டும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள், அப்புறம்தான் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவை உற்றுப் பார்த்தேன், பின்னால் முக்கொம்பு அணை மதகு, முன்னால் ஸ்டெல்லா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்த ஊரில் நான் போகாத இடம் எவ்வளவோ இருக்கிறது. ஸ்டெல்லா போகாத இடம் ஒன்றுகூட இருக்காது போல.

இவர் காலையில் விழுப்புரத்திலிருந்து பேசினார். வண்டி ஓட்டுகிறவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் யாரோ தோசைக்கல்லைத் தட்டுகிற சத்தம். ராத்திரி வண்டி எடுத்து நாளைக் காலை வந்து சேருவாராம். “பிலோ, இன்னைக்கு ரெண்டு பேரையும் எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வா. அவ மனசு எப்படி இருக்குன்னு உனக்கே தெரியும். நாளைக்கு அக்காவுக்குப் பதில் சொல்லணும்.” அக்கா என்றால் இவருடைய அக்கா, எனக்கு ரெஜினா மதினி. திண்டுக்கல்லில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஸ்டெல்லா போன பிறகு மாதம் ஒரு முறை வந்து ஷெரினுக்குத் தலை பின்னிவிட்டுப் போனவர். ஒன்பதாம் வகுப்பை அங்கே ஹாஸ்டலில் இருந்து படிக்கட்டும், என் கண் பார்வையில் இருப்பாள், என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னார், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் திரையைப் பார்த்தார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். நல்லதுக்குத்தான். அதை யார் இல்லை என்றார்கள். ஷெரினைக் கேட்டால் உங்க இஷ்டம் என்கிறாள், அப்பாவிடமும் அதே, மதினியிடமும் அதே, என்னிடமும் அதே, ஒரே நூல்கண்டிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே அளவு வெட்டிக் கொடுத்த மாதிரி. அவ மனசு எப்படி இருக்குன்னு தெரியும் என்கிறாரே, எப்படித் தெரியும், லேபில் என்றால் கட்டுப்போட்டுத் தடவிப் பார்ப்பேன், ஒளிந்துகொண்டிருக்கும் நரம்புகூட விரலுக்குக் கீழே வந்து நின்றுவிடும், கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவேன், பிலோமினா சிஸ்டர் இருக்காங்களா என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே எதைத் தடவிப் பார்ப்பது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் டியூஷன் போயிருந்தபோது துணி மடித்து வைக்க அவள் அறைக்குப் போனேன். மடித்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஜன்னலோரம் ஆரோனின் கட்டிலைப் போட்டால் இந்த இடம் போதுமா என்று நின்று பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. திரும்பினால் வாசலில் அவள் செருப்பு கிடக்கிறது, எப்போது வந்தாள், பின்கட்டில் கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. பார்த்திருப்பாளோ. நான் என்ன முழம் போட்டா அளந்தேன், சும்மா நின்றேன், சும்மா நிற்கிறவள் முகத்தில் என்ன எழுதியா இருக்கும். எழுதித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா என்று கேட்டேன், போதும் என்றாள். எப்போதும் சொல்கிற போதும்தான். ஆனாலும்.

ஒன்பதே காலுக்குப் பங்கு மக்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது, நான் கேட்டதற்காகவே யாரோ அனுப்பின மாதிரி. குடும்ப ஞாயிறு, காகிதத்தில் பொம்மலாட்டப் பொம்மை செய்வோம், அனைவரும் வருக, சத்திரம் பேருந்து நிலையம் பின்புறம், மண்டபத்தின் மாடி. அனைவரும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவுக்கு வெளியே நின்று, “பொம்மை செய்யறாங்களாம், போலாமா?” என்றேன், உள்ளேயிருந்து சரி என்று வந்தது, இரண்டே நிமிஷத்தில் நீலச் சுடிதாரில் வெளியே வந்து நின்றாள், எனக்குத்தான் தண்ணீர் பாட்டில், துண்டு, பிஸ்கட், மாற்று டவுசர் என்று நேரமாயிற்று. டவுன் பஸ்ஸில் அவள் எங்களுக்கு மூன்று சீட் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் இருந்தது, ஆரோன் அக்காகிட்டப் போறேன் என்று முண்டினான், வண்டி நிக்கட்டும் என்று பிடித்துவைத்தேன். கண்டக்டர் வந்து எத்தனை பேர் என்றார். நானும் அந்தப் பொண்ணும், இவன் சின்னப் பையன் என்றேன். அவர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பொண்ணு. வாயிலிருந்து போன பிறகுதான் கேட்டது. என் பொண்ணு என்று சொல்வதற்கு எத்தனை எழுத்து, அதைவிட இது நீளம், நீளமான வழியில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவள் காதில் பாட்டுக் கேட்கிற ஒயர் இருந்தது. இரண்டு காதிலுமா, ஒரு காதிலா. தலையை எக்கிப் பார்த்தேன், இந்தப் பக்கக் காது முடிக்குள் இருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அப்படி நினைச்சுச் சொல்லலை என்று சொன்னால், கேட்காதவளுக்கும் கேட்கவைத்த மாதிரி ஆகிவிடும். அவளும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லைதானே, பக்கத்தில் வந்து நின்று நான் திரும்புகிற வரைக்கும் காத்திருக்கிறாள், அதற்கு நான் கோபப்பட்டேனா. இல்லை, கோபம்தான் பட்டேன், உள்ளுக்குள். எட்டு வருஷ வித்தியாசம் என்கிறேன், எட்டு வருஷமா அது. அப்பா செத்தபோது ஆரோனுக்கு இரண்டு வயசு, அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை, இவரை முதல் நாளே அப்பா என்று கூப்பிட்டுவிட்டான். அம்மா செத்தபோது அவளுக்குப் பத்து, அவளுக்கு எல்லாமே ஞாபகம், எந்த டம்ளரில் காபி குடித்தாள், எந்தப் பக்கம் கோலப்பொடி டப்பா இருந்தது. ஒன்றுமே இல்லாத பிள்ளையையும் எல்லாமே இருக்கிற பிள்ளையையும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், காகிதம் வெட்டி ஒட்டுவதற்கு. பாலக்கரையில் வண்டி நின்றது, ஆரோன் நழுவி ஓடிப் போய் அவள் மடியில் ஏறினான். அவள் காதிலிருந்து ஒயரை எடுத்து அவன் காதில் வைத்தாள். ஒரு காதிலிருந்துதான் எடுத்தாள். இன்னொரு காது எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்து மாடியில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு காலேஜ் பெண் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். “வயசு சொல்லுங்க மேடம்.” சொன்னேன். அவள் முகம் வாடியது, பாவம், நல்ல பெண்தான். “ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும்தான் மேடம். கத்தரிக்கோல் இருக்கு, சின்னப் பசங்களை விட முடியாது. பெரியவங்களுக்கு இது போரடிக்கும்.” “அனைவரும் வருகன்னு போட்டிருந்துச்சே?” “அது பேரன்ட்ஸுக்கு மேடம், நீங்க உள்ள வந்து உக்காரலாம்.” நான் உள்ளே போகலாம். என் இரண்டு பிள்ளைகளும் வெளியே நிற்கலாம். எனக்குச் சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை, இந்தப் பெண்ணிடம் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவர் கேட்டார், அதையும் என்னால் செய்ய முடியவில்லை, நாளைக் காலை இவர் வந்து எப்படி இருந்துச்சு என்று கேட்பார், மதினி போன் செய்வார், நான் என்ன சொல்ல, கத்தரிக்கோல் இருந்ததாம் என்று சொல்லவா. உள்ளே யானை செய்துகொண்டிருந்தார்கள். ஆரோன் யானையைப் பார்த்துவிட்டான். தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழ ஆரம்பித்தான், படியேறி வந்த ஒரு குடும்பம், அப்பா அம்மா, எட்டும் பத்துமாக இரண்டு பையன்கள், அளவெடுத்துத் தைத்த மாதிரி, எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. ஷெரின் குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது அவனிடம்தான் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி: “நீ லேட்டாப் பொறந்துட்ட, நான் சீக்கிரம் பொறந்துட்டேன். நம்மள யாருடா சேத்துக்குவா?” அவன் அழுகையை நிறுத்திவிட்டு இதை யோசித்தான். தெருவுக்கு வந்ததும், வீட்டுக்குப் போயிடலாமா என்றேன், அதுதான் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று. “அதுக்குள்ளயா?” என்றாள். அதுக்குள்ளயா. அதில் கோபமா, ஆசையா, வெறும் கேள்வியா, அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன், எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றே பார்க்கவில்லை, அவள்தான் முன்னால் போனாள்.

பாலம் வந்த பிறகுதான் ஆறு என்று தெரிந்தது. மேட்டூரில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். எதிர்க்கரையை ஒட்டி ஒரு சரட்டுத் தண்ணீர் போக, மிச்சமெல்லாம் மணல், பதினோரு மணி வெயிலில் கண் கூசியது, பாலத்தின் நிழல் மட்டும் ஒரு பாய் விரித்த மாதிரி மணல்மேல் கிடந்தது. படித்துறை வழியாக இறங்கி அந்த நிழலுக்குப் போய்ச் சேர்ந்தோம். “ஆறுன்னு சொன்ன, தண்ணி எங்க?” என்றான் ஆரோன். “அடியில இருக்கு” என்றாள் ஷெரின். “பொய்.” “தோண்டிப் பாரு.” அவன் இரண்டு கையாலும் நாய்க்குட்டி மாதிரி பறித்தான், மணல் சரிந்து சரிந்து மூடியது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, இப்படிப் பண்ணினா எப்படி வரும், வட்டமா அகலமா எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் காட்டினாள், அப்புறம் இரண்டு கையாலும், அப்புறம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணல் அள்ளின குழிகள் இருக்கும் என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறேன், மேலே மணல் மாதிரி இருக்கும், காலை வைத்தால் ஆளை இழுக்கும், இவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்தான், இருந்தாலும் மணலுக்கடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், கண்ணாடித் துண்டு இருக்கலாம், ஊசிகூட இருக்கலாம், வெட்டிவிட்டால், டிடி தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாளா, எப்போது போட்டது, அவள் எப்போது என்ன ஊசி போட்டுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது, ஊசி அட்டை எங்கே இருக்கும், ஸ்டெல்லா எங்கே வைத்திருப்பாள். லேபுக்கு வருகிறவர்களிடம் வாய்நிறையக் கேட்பேன். என் வீட்டில் இருக்கிற பெண்ணிடம் கேட்டதில்லை. “ஷெரின், உனக்கு டிடி எப்பப் போட்டாங்க?” என்று கேட்டுவிட்டேன், அந்த நடுமணலில். அவள் நிமிர்ந்து, நெற்றியில் மணலோடு, “பத்து வயசுல ஸ்கூல்ல போட்டாங்க. ஏன்?” என்றாள். “சும்மா.” “நீங்களும் வந்து அந்தப் பக்கம் எடுங்க. இவன் கையை வச்சுக்கிட்டு சாயங்காலம் ஆயிடும்.”

எடுத்தேன். புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து எடுத்தேன். ஒரு சாணுக்குக் கீழே மணல் நிறம் மாறியது, பிறகு குளிர்ந்தது, ஒரு முழங்கை ஆழத்தில் விரல் நுனியில் ஈரம் பட்டது, ஆரோன் கீச்சென்று கத்தினான். முதலில் கலங்கல், சாக்லேட் மாதிரி, அவள் உள்ளங்கையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள், பத்து தடவை, இருபது தடவை, மறுபடி ஊறியது தெளிவாக இருந்தது. ஆரோன் பாட்டில் மூடியால் மொண்டு எங்கள் இரண்டு பேர் காலிலும் ஊற்றினான். அப்புறம் கரையோரம் சிப்பி பொறுக்கக் கொஞ்ச தூரம் போனான், கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான், நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குழியின் ஓரத்தைத் தட்டித் தட்டிக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“நான் ஹாஸ்டல் போயிட்டா நல்லதுன்னு நீங்க நெனைக்கிறீங்களா?”

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. உன் படிப்புக்கு எது நல்லதோ அது. உன் இஷ்டம்தான் முக்கியம். நாலு மாசமாக இந்த வீட்டில் எல்லாரும் எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறோம், வழவழவென்று, ஒருத்தர் மேலும் ஒட்டாமல், இதைச் சொன்னால் அவளும் சரி என்பாள், உங்க இஷ்டம் என்பாள், நாளைக்கு மதினிக்குப் பதில் போய்விடும், ஜூன் மாதம் ஒரு டிரங்குப் பெட்டி வாங்குவோம், நான் அதில் அவள் துணிகளை மடித்து வைப்பேன், நன்றாக மடிப்பேன், ஜன்னலோரம் ஆரோனின் கட்டில். இதை எல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

“சில நாள் நெனச்சிருக்கேன்.”

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன செய்துவிட்டேன், இதை எப்படித் திரும்ப எடுப்பது, தாயில்லாத பிள்ளை, இவரிடம் போய்ச் சொன்னால், மதினியிடம் சொன்னால், சாமியாரிடம், ஐயோ.

“நானும்” என்றாள்.

“என்னது?”

“நீங்க போயிட்டா நல்லதுன்னு. சில நாள். ஆரோன் இருக்கட்டும், நீங்க மட்டும்.” குழியிலிருந்து ஒரு கை மணலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, “இப்ப இல்ல. கிறிஸ்மஸ் சமயத்துல” என்றாள்.

“எனக்குப் பொங்கல் சமயத்துல” என்றேன்.

அவள் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள், சிரிப்பு மாதிரியும் இருந்தது, மணல் போய்விட்ட மாதிரியும் இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேலே பஸ் போகும்போது பாலம் அதிர்ந்தது, குழியில் தண்ணீர் நடுங்கி அடங்கியது. உனக்குப் போக ஆசையா என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், கேட்காமல் இருக்கலாம் என்றும் நினைத்தேன், பதில் உங்க இஷ்டம் என்று வந்துவிட்டால் இத்தனை தோண்டியும் என்ன பிரயோஜனம். அவளே சொன்னாள்: “அத்தைகிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவாங்க. அப்பா சொன்னா அப்பாவைத் திட்டுவாங்க.”

“என்னன்னு சொல்ல?”

“வரலைன்னு.”

“எப்ப சொல்லணும்?”

“இப்பவே சொல்லுங்க. அப்புறம்னா நீங்க சொல்ல மாட்டீங்க.” என்னை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாள். நாலு மாசத்தில். நான் அவளைப் பார்க்கவில்லை என்று அவளும் நினைத்திருப்பாள், அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நான் நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன், விரலில் ஈரம், திரை பிடிக்கவில்லை, மறுபடி துடைத்தேன். மதினி கோபப்படுவாரே, கல்யாணமே இல்லாமல் இந்தப் பெண்ணையே பிள்ளையாக நினைத்தவர், நேற்று வந்தவள் நீ யார் சொல்ல என்று கேட்டால் என்னிடம் என்ன பதில் இருக்கிறது, நான் யார், அதை இன்னும் யாரும் சொல்லித் தரவில்லையே. ரிங் போனது. எடுத்துவிட்டார். “என்ன பிலோ, கோயிலுக்குப் போய்ட்டு வந்தாச்சா? பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

“ஆச்சு மதினி. அந்த ஹாஸ்டல் விஷயம். ஷெரின் இங்கயே எங்களோட இருக்கட்டும் மதினி.”

மதினி மெதுவாக, டீச்சர் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக: “இது அவ சொன்னாளா, நீ சொல்றியா?”

எதிரே ஷெரின் குழிக்கு மேல் குனிந்தபடியே இருந்தாள், தண்ணீரை அள்ளவும் இல்லை, தட்டவும் இல்லை, மணலுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“நான்தான் சொல்றேன் மதினி” என்றேன். பாலத்தின் மேல் ஒரு லாரி போனது. “கேக்குதா மதினி?” என்றேன், சத்தமாக.

“கேக்குது” என்றார்.